குரு இல்லாமல் வீணை கற்ற மயிலாப்பூர்க்காரர்



சரஸ்வதி படத்தில் வீணையை எல்லோரும் பார்த்திருப்பீங்க. அதை வாசிக்கணும்னா ஒரு குருவிடம் பல வருஷம் உட்கார்ந்து கத்துக்கணும், அதுதான் வழக்கம். ஆனால் வீணைக்கு குருவே இல்லாமல் தானே கற்று, வெளிநாடு வரைக்கும் போய் வாசித்தவர் ஒருத்தர் இருந்தார். அவர்தான் வீணை எஸ். பாலச்சந்தர். (டைரக்டர் கே. பாலசந்தர் வேற, இவர் வேற. குழப்பிக்காதீங்க!)

இவர் 1927 ஜனவரி 18-ல் சென்னையில் பிறந்தார். வீடு மயிலாப்பூர். அப்பா சுந்தரம் அய்யர் வக்கீல். சங்கீதம்னா அவருக்கு உயிர். பாபநாசம் சிவனே அந்த வீட்டுக்கு வந்து போவார். அண்ணன் எஸ். ராஜம் அவரிடம் பாட்டு கத்துக்கிட்டார். தம்பி பாலச்சந்தரோ பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிரா தட்டிக்கிட்டே வளர்ந்தார்.

1934-ல் 'சீதா கல்யாணம்' படம் வந்தது. அதை எடுத்தது சென்னையில் இல்லை, மகாராஷ்டிராவில் உள்ள கோலாப்பூரில். ராஜம்தான் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை, அப்பா ஜனகர்! ஒரே வீட்டில் அண்ணன் ராமராகவும் தங்கச்சி சீதையாகவும் நடிச்சாங்கன்னு படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம ஆளுக்கு அதில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற வேஷம். வயசு ஏழுதான்.

அப்புறம் தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா, சிதார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். பதினைந்து வயசுலேயே சென்னை வானொலியில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வீணை பக்கம் திரும்பினார்.

வீணையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லணும். பலா மரத்தில் செய்வார்கள். மெழுகில் பதித்த 24 மெட்டுகள் இருக்கும். வாசிக்க நான்கு தந்தி, தாளத்துக்கு மூன்று தந்தி. ஒரு மெட்டில் விரலை வைத்து மீட்டினால் ஒரு ஸ்வரம். அதே இடத்தில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடி அடுத்த ஸ்வரம் வரும் (அறிவியல் பாடத்தில் படிச்சோமே, அதேதான்). பாலச்சந்தர் இப்படி இழுத்து இழுத்தே ஒரே மெட்டில் பல ஸ்வரங்களைக் கொண்டு வருவார். அதனால் வீணை பாடுகிற மாதிரியே கேட்கும். தந்தி விரலை அறுக்கும், வலிக்கும். சொல்லித் தர ஆள் இல்லாததால், எது சரி எது தப்புன்னு அவர் காதுதான் அவருக்கு வாத்தியார்.

இதற்கு நடுவில் சினிமாவும் விடவில்லை. 1948-ல் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேஷத்தில் நடித்து இசையும் அமைத்தார். 1954-ல் ஏவி.எம்.முக்காக 'அந்த நாள்' படத்தை இயக்கினார். 1943-ல் ஜப்பான் விமானம் வந்து சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுவார். ஆளுக்கு ஒரு விதமாக நடந்ததைச் சொல்வார்கள். யார் சுட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன், பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க. அந்தக் காலத்துப் படங்களில் பாட்டு நிறைய இருக்கும். இதிலோ ஒரு பாட்டுகூட இல்லை! இத்தனைக்கும் எடுத்தவர் ஒரு சங்கீத வித்வான். 1964-ல் 'பொம்மை' எடுத்தார், அதற்கு இசையும் அவரே. யேசுதாஸ் தமிழில் பாட ஆரம்பித்தது அந்தப் படத்தில்தான்.

இவ்வளவு பேர் வந்த பிறகு சினிமாவை விட்டுவிட்டார். பணமும் புகழும் வருகிற வேலையை யார் விடுவாங்க? அவர் விட்டார். வீணை மட்டும் போதும் என்று முடிவு செய்தார். என் மனசில் நின்றது இந்த இடம்தான். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அவர் பெரிய பிடிவாதக்காரரும்கூட. சுவாதித் திருநாள் மகாராஜா பாட்டே இயற்றவில்லை என்று கிளப்பிய வாதம் சங்கீத உலகத்தையே ரெண்டாக்கியது. நிறைய அறிஞர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தையும் அவர் வீணைக்கே கொடுத்திருக்கலாம்னு எனக்குத் தோணுது.

குரு இல்லாமல் கற்றவர் மற்றவர்களுக்குக் குருவானார் என்பதுதான் வேடிக்கை. இன்றைக்குப் பிரபலமாக வீணை வாசிக்கும் ஜெயந்தி குமரேஷ், பத்மாவதி அனந்தகோபாலனிடம் பல வருஷம் படித்ததோடு இவரிடமும் கற்றுக்கொண்டவர்.

1990 ஏப்ரல் 13-ல், சென்னையிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிற பிலாய் நகரத்தில் பாலச்சந்தர் காலமானார். வயது 63. 'அந்த நாள்' வெளிவந்ததும் ஒரு ஏப்ரல் 13-ம் தேதிதான்.

– 9-ம் வகுப்பு மாணவி