உடல் தன்னையே தாக்குமா? ‘தாக்காது’ என்று நம்பிய நோபல் மருத்துவர் பால் எர்லிக் யார்?

மூட்டு வலியும் வீக்கமும் விடாமல் இருந்தால், புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவதுண்டு. நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்குதான்னு பார்க்கத்தான் இந்த டெஸ்ட்.

அப்படி நடக்காது என்று நம்பியவர் பால் எர்லிக். 1854-ல் பிறந்த ஜெர்மன் மருத்துவர். ரத்த அணுக்களுக்குச் சாயமேற்றி வகை பிரிக்க வழிகாட்டியவரும் இவரே. ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்தினார். அதை எதிர்த்த உடல், சொந்த ரத்தத்தைத் தொடவில்லை.

1904-ல் டொனாத், லேண்ட்ஸ்டைனர் இருவரும் சொந்த ரத்த அணுவையே அழிக்கும் ஆன்டிபாடியைக் காட்டினர். ஆனாலும் 1908-ல் நோபல் வென்ற எர்லிக்கின் கருத்தே எடுபட்டது. 1915-ல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே நிலைமை மாறியது.

ஒண்ணு கவனிங்க: ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தாலே நோய்னு அர்த்தமில்லை, நல்லா இருக்கிறவங்களுக்கும் வரலாம். அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்லணும்.