துயரை வென்ற தவசீலர்

பிறந்தவர் யாவரும் ஒருநாள் இறப்பர் என்பதை அறியாதார் இலர். எனினும் நம் வீட்டு வாயிலில் மரணம் வந்து நிற்கும்போது அவ்வறிவு துணை செய்வதில்லை. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கோ, பெற்றோர் மறைந்த செய்தி தொலைவிலிருந்து வருகிறது. கடைசியாக ஒருமுறை முகங்காணவும் சில வேளை இயலாமற் போகிறது. இத்துயரை எவ்வாறு தாங்குவது? நம் பாறசாலைக்கு அயலிலுள்ள அருவிப்புறத்தில் தவமிருந்த ஸ்ரீ நாராயண குருவின் வாழ்க்கையில் இதற்கு விடை உண்டு.

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-ஆம் ஆண்டில் மாடன் ஆசானுக்கும் குட்டி அம்மாளுக்கும் மைந்தராய் அவர் பிறந்தார். சிறுபிள்ளையாய் இருந்தபோது உறவினர் ஒருவர் இறந்தார். வீடெங்கும் அழுகை எழுந்தது. பின்னர் வீட்டார் வழக்கம்போலச் சிரித்துப் பேசலாயினர். அப்போது சிறுவனைக் காணவில்லை. தேடிச் சென்றோர் அவனைக் காட்டில் தனியே கண்டனர். நேற்று அழுதவர் இன்று எவ்வாறு சிரிக்கின்றனர் என்று அவன் வியந்து வினவியதாகச் சரிதம் எழுதியோர் கூறுவர்.

அவ்வினாவுடனேயே அவர் வளர்ந்தார் எனலாம். இளமையிலேயே அன்னையை இழந்தார், துறவு பூண்டார். தமிழராகிய தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். மருத்துவாழ்மலைக் குகையில் தவம் செய்தார். தமிழில் பதிகங்கள் பாடினார். 1888-இல் நெய்யாற்றிலிருந்து கல் எடுத்து, அருவிப்புறத்தில் சிவப்பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் புக இயலாதிருந்த மக்களுக்கு அது புது வாழ்வு தந்தது.

அவருக்குப் பெருஞ்சோதனையாக வந்தது 1924-ஆம் ஆண்டு. அவர் மகன்போல வளர்த்த சீடரும் மகாகவியுமான குமாரன் ஆசான், ஜனவரி 16-ஆம் நாள் பல்லனையில் படகு கவிழ்ந்து மாண்டார். இரண்டு திங்கள் முடியுமுன்பே, மார்ச்சு மாதத்தில் ஆலுவாயில் சர்வமத மாநாடு குருவின் வழிகாட்டுதலில் குறித்தபடி நடந்தது. மே 5-ஆம் நாள் இளமைத் தோழரான சட்டம்பி சுவாமிகளும் பன்மனையில் சமாதியடைந்தார். குரு அவரை நினைந்து செய்யுள் இயற்றினார். பிரிவை அவர் மறக்கவும் இல்லை; பணியை நிறுத்தவும் இல்லை. நேற்றைய அழுகையை இன்று மறந்துவிடுதலும் வழியன்று. அதிலேயே அமிழ்ந்துபோதலும் வழியன்று. இறந்தவர்பால் வைத்த அன்பை இருப்பவர்க்குரிய கடமையாக்குவதே வழி என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

தம் முடிவையும் அவர் அவ்வாறே எதிர்கொண்டார். 1926-இல் மரணசாசனம் எழுதினார். 1928 ஜனவரியில் துறவியர் சங்கத்தை நிறுவினார். நோயுற்றபோது வைத்தியத்தையும் மறுக்கவில்லை. 1928 செப்டம்பர் 20-ஆம் நாள், சிவகிரியில் அருகிருந்தோர் யோகவாசிட்டம் ஓத, அமைதியாகக் கண்மூடினார். அவருக்குப் பின் பொறுப்பேற்க வேண்டிய போதானந்த சுவாமிகளும் சில நாட்களுக்குள் மறைந்தார். எனினும் முன்னரே அமைத்த சங்கம் நிலைத்தது.

அன்பர்களே! நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் இழவு நேர்ந்தால், அங்கே உறவினராய்ச் சென்று நிற்போமாக. காரியம் முடிந்த பின்னும் அவ்வீட்டை மறவாதிருப்போமாக.