ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் அன்னை கேத்தரின் டிரெக்சலும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளி நிர்வாகம் 1900ஆம் ஆண்டில் ஒரு முடிவெடுத்தது. அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை போதும் என்பதே அது. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அதற்கு மேல் படிப்பு எதற்கு என்பது ஆதிக்கத்தின் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர் அன்னை கேத்தரின் டிரெக்சல்.

1858 நவம்பர் 26 அன்று பிலடெல்பியாவில், பெரும் வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த சில வாரங்களிலேயே தாயை இழந்தார். வளர்ப்புத் தாய் எம்மா, உதவி தேடி வரும் ஏழைகளுக்கு வாரந்தோறும் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவர். பிறர் துயரைப் பார்க்கும் கண் கேத்தரினுக்கு அங்கேதான் கிடைத்தது.

1885இல் தந்தை இறந்தபோது, ஒரு கோடி டாலருக்கும் அதிகமான சொத்தின் வருமானம் மூன்று மகள்களுக்கு வந்தது. 1887இல் ரோமில் போப் பதின்மூன்றாம் லியோவைச் சந்தித்த கேத்தரின், அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் பணி செய்ய ஆட்களை அனுப்புமாறு வேண்டினார். நீயே ஏன் போகக்கூடாது என்று போப் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1889இல் துறவு மடத்தில் சேர்ந்தார். 1891இல் பழங்குடியினருக்கும் கறுப்பினத்தவருக்கும் பணி செய்யவென்றே ஒரு துறவற சபையைத் தொடங்கினார்.

அன்று தேவாலயத்திலும் கறுப்பினத்தவருக்குக் கடைசி வரிசையோ மாடமோதான். கோயில் கட்டப் பணம் கேட்டு வந்தவர்களுக்குக் கேத்தரின் ஒரு நிபந்தனை விதித்தார். கீழ்த்தளத்திலேயே, முன்னிருந்து பின் வரை அவர்களுக்கும் இருக்கைகள் வேண்டும் என்றார்.

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மாணவர்களுக்கான தெற்குப் பல்கலைக்கழகம், அக்கம்பக்கத்து வெள்ளையர்களின் எதிர்ப்புக்குப் பின் வேறு ஊருக்கு மாற்றப்பட்டது. காலியான அந்த வளாகத்தைக் கேத்தரின் இடைத்தரகர் மூலம் வாங்கி, 1915இல் சேவியர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார். நம் முத்துக்குளித்துறையில் பணி செய்த சவேரியாரின் பெயர்தான் அது. நகர நிர்வாகம் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியைத் திறக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

பள்ளி அதோடு நிற்கவில்லை. 1917இல் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. அங்கே படித்தவர்கள் லூயிசியானாவின் கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். 1925இல் கல்லூரி, 1927இல் மருந்தியல் படிப்பு வந்தன. அதுவே இன்று கறுப்பின மருத்துவர்களையும் மருந்தாளுநர்களையும் உருவாக்குவதில் பேர்பெற்ற சேவியர் பல்கலைக்கழகம்.

குறையும் சொல்ல வேண்டும். கறுப்பினப் பெண்களை அவருடைய சபை நெடுங்காலம் துறவியராகச் சேர்க்கவில்லை. கறுப்பினப் பெண்களே நடத்திய சபைகளுக்கு ஆள் குறையக்கூடாது என்று காரணம் சொல்லப்பட்டது. கற்பிக்க வந்தவர்கள் சமமாக உட்கார இடம் தந்தார்களா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

தன் வாழ்நாளில் சுமார் 2 கோடி டாலரைப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் கொடுத்தவர், தனக்கென்று பென்சில் துண்டைக்கூட வீணாக்கவில்லை. 1955 மார்ச் 3 அன்று, 96ஆம் வயதில் இறந்தார். தந்தையின் உயில்படி அந்த வருமானம் வேறு அறப்பணிகளுக்குப் போனது. சபைக்கு வருவது நின்றது. 2000ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

2013இல் அந்த உயர்நிலைப் பள்ளியை மூடப்போவதாகச் சபை அறிவித்தபோது, அங்கே படித்த பெண்களே முன்வந்து பள்ளியைத் தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள். அதற்குக் கேத்தரின் டிரெக்சலின் பெயரையே வைத்தார்கள். ஒருவர் கொடுத்த பணம் ஒருநாள் தீரும். அதனால் படித்தவர்கள் எழுந்து நின்றால் பள்ளி தீராது.