வீழ்ந்து எழுந்த நாதம்: ஜோன் கொல்ட்ரேன்

சாக்ஸபோன் என்னும் பித்தளைக் குழலை நம்மிற் பலர் களியாட்ட மேடைகளின் வாத்தியமாகவே அறிவோம். அதனையே இறைவனைத் துதிக்கும் வாயாக ஆக்கிய ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவரே ஜோன் கொல்ட்ரேன். அன்னாரின் வாழ்வு நம் இளைஞர் அறியத்தக்கதென நாம் எண்ணுகிறோம்.

கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையிற் புகழ்பெற்ற இவர், 1926 செப்டெம்பர் 23இல் வட கரோலினா மாநிலத்து ஹம்லெற் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தையற்காரர், இசையில் ஈடுபாடுடையவர். பன்னிரண்டாம் வயதிலே தந்தையையும் பாட்டனாரையும் சில மாதங்களுக்குள் இழந்த சிறுவனுக்கு இசையே துணையாயிற்று. 1943இல் பிலடெல்பியா நகருக்குச் சென்று இசை பயின்றார்.

1955இல் எக்காள மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவிற் சேர்ந்தார். புகழ் வரும் வேளையிலே ஹெரோயின் என்னும் நஞ்சும் மதுவும் அவரைப் பற்றியிருந்தன. 1957இல் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். மானமிழந்து நின்ற அவர் பிறரை நோகவில்லை; பிலடெல்பியாவில் தாயாரின் இல்லத்திலிருந்து, இறைவனை வேண்டி, அப்பழக்கங்களை விட்டொழித்தார். அவ்வாண்டிலேயே பியானோ மேதை தெலோனியஸ் மொங்குடன் நியூயோர்க்கில் வாசித்தார். 1958இல் டேவிஸ் குழுவிற்கு மீண்டார். கச்சேரியின் இடைவேளையிலும் ஓயாது பயிற்சி செய்வார். 1959இல் ஒலிப்பதிவான ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ அவ்வுழைப்பின் விளைச்சல்.

1960இல் தனிக்குழு அமைத்த பின் அவர் செவி கீழ்த்திசைக்குத் திரும்பியது. 1961இல் ‘இந்தியா’ என்னும் உருப்படியை இயற்றி வாசித்தார். இரு பெருநாண் வாத்தியங்கள் நம் தம்புராவைப்போலச் சுருதி கூட்டின. சித்தார் மேதை ரவி சங்கரிடம் இந்திய இசையின் இயல்பைக் கேட்டறிந்தார். 1965இற் பிறந்த மகனுக்கு ரவி என அவர் பெயரையே சூட்டினார்.

1963இல் பேமிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் இனவெறியர் வைத்த குண்டுக்குச் சிறுமியர் நால்வர் பலியாயினர். அத்துயரை ‘அலபாமா’ என்னும் படைப்பில் அழவைத்தார்.

1964 டிசெம்பர் 9இல் ‘எ லவ் சுப்ரீம்’ ஒலிப்பதிவாயிற்று. தம்மை மீட்ட இறைவனுக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது. நான்கு பகுதிகளுள் இறுதியில், தாம் எழுதிய துதிப்பாவை வாயாற் பாடாது, அசையசையாகக் குழலிலே வாசித்தார். சொல் ஒன்றும் கேளாது. பொருள் மட்டும் நெஞ்சிற் சேரும்.

ஈரற் புற்றுநோயால் 1967 யூலை 17இல் மறைந்தபோது அன்னாருக்கு வயது நாற்பதே. இசைக்கலைஞரான துணைவியார் அலிஸ், பின்னர் துறவு பூண்டு சுவாமினி துரியசங்கீதானந்தா எனப் பெயர் பெற்று, கலிபோர்னியாவில் ஆச்சிரமம் நிறுவினார். 2007இல் புலிற்சர் சிறப்பு விருது கொல்ட்ரேனின் பெயருக்கு வழங்கப்பட்டது.

விலக்கப்பட்ட 1957க்கும் மறைந்த 1967க்கும் இடையே பத்தே ஆண்டுகள். உலகம் அவரை நினைப்பது பெரிதும் அப்பத்தாண்டுகளின் பணிக்காகவே. தவறிய இளைஞனைக் கண்டால், முடிந்த கதையென மூத்தோராகிய நாம் முகந்திருப்ப வேண்டா. தவறியவனும் தன்னை முடிந்தவனெனக் கருத வேண்டா. எழுந்தவனுக்குப் பத்தாண்டும் போதும்.