சோர்ந்த சேனையை எழுப்பிய கன்னி

ஆட்களும் ஆயுதங்களும் நிறைந்திருந்தும் தோற்ற சேனைகள் பல உண்டு. நல்ல தலைவர் இல்லாவிடில் வீரரின் உள்ளம் முதலில் தோற்கிறது; களத்தில் தோற்பது அதற்குப் பின்புதான். இவ்வுண்மையைப் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

பிரான்சு நாட்டில் தோம்ரெமி என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1412-ஆம் ஆண்டில் ஓர் உழவர் குடும்பத்தில் ஜோன் பிறந்தாள். பள்ளி சென்றறியாள். நூல் நூற்கவும் செபிக்கவும் தாயிடம் கற்றாள். அது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நூறாண்டுப் போர் நடந்த காலம். மன்னர் ஆறாம் சார்லஸ் சித்தம் கலங்கியிருந்தார். பிரபுக்களோ தமக்குள் பகைத்து நின்றனர். 1415-இல் அஜின்கூரில், எண்ணிக்கையில் மிகுந்த பிரெஞ்சுப் படை, தலைமை ஒன்றுபடாததால் சேற்றில் சிக்கி அழிந்தது.

1428 அக்டோபரில் ஆங்கிலேயர் ஓர்லேயான் நகரை முற்றுகையிட்டனர். 1429 பிப்ரவரியில் அவர்களது உணவு வண்டிகளைத் தாக்கிய பிரெஞ்சுப் படை சிதறி ஓடியது. தளபதிகள் சிலர் நகரைவிட்டே வெளியேறினர். இளவரசர் சார்லஸ் முடிவெடுக்க இயலாமல் ஷினோன் கோட்டையில் தயங்கியிருந்தார்.

இறைவனின் அழைப்பை உணர்ந்த ஜோன், அங்கே சென்று அவரைக் கண்டாள். அப்போது அவளுக்கு வயது 17. படையில் சேர்ந்ததும் கொள்ளையையும் தெய்வநிந்தனையையும் தடுத்தாள். வீரர்களைப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தூண்டினாள். ஏப்ரல் 29-இல் நகருள் நுழைந்தாள். மே 7-இல் தோளருகே அம்பு தைத்தும், மீண்டும் களம் வந்து கொடியுடன் நின்றாள். மறுநாள் ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டனர். ஜூலை 17-இல் ரேம்ஸ் பேராலயத்தில் சார்லஸ் முடிசூடினார்.

ஆனால் முடிசூடிய மன்னர் மறுபடியும் தயங்கினார். செப்டம்பரில் பாரீசைத் தாக்கிய முயற்சி தோற்றதும் படையைக் கலைத்துவிட்டார். 1430 மே 23-இல் கொம்பியேனில் ஜோன் சிறைப்பட்டாள். தமக்கு முடி தேடித் தந்தவளை மன்னர் மீட்கவில்லை. 1431 மே 30-இல் ரூவான் நகரில் அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள். அத்தீர்ப்பு தவறென 1456-இல் தள்ளப்பட்டது. 1920-இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ட் அவளைப் புனிதையாக உயர்த்தினார்.

அன்புத் தோழியரே! பிப்ரவரியில் சிதறி ஓடிய அதே நாட்டுப் படைதான் மே மாதத்தில் வென்றது. இடையில் வந்தவள் நம் வயதை ஒத்த ஒரு பெண். தான் முன்செல்லாத இடத்திற்குப் பிறரை அவள் அனுப்பவில்லை. வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் தலைமை ஏற்கும் நாமும் அவ்வழியே நடப்போமாக!