நோயுற்ற உடம்பும் தொண்டு செய்த உடம்பும்

திருவாமூரிலே, வேளாண் மரபிற் குறுக்கையர் குடியிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகவாய்த் தோன்றிய மருணீக்கியாரே பின்னாளிற் திருநாவுக்கரசு நாயனார் ஆயினார். அவர் வாழ்ந்தது கி.பி. 7ஆம் நூற்றாண்டு. அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். சைவ மக்களுள் அதனைக் கேளாதார் அரியர். ஆயினும், நோயுற்றாரைக் கண்டால் வினைப்பயன் என்று ஒரு சொல்லிற் கூறி அப்பாற் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருத்தலால், அவ்வரலாற்றை உடம்பின் துன்பம் என்னும் வழியால் மீண்டும் நோக்குதல் தகும்.

துன்பம் அவரை இளமையிலேயே தொடர்ந்தது. தந்தையாரும் தாயாரும் அடுத்தடுத்து இறந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். உடன் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கி இருந்தார். தம்பியாரோ நிலையாமையை உணர்ந்து அறங்கள் பல செய்தார். பின்பு மெய்ந்நெறி தேடிப் பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரை அடைந்து, சமண் சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றார். இதனை வியப்பார் உளர். இளமையிலே இத்தனை சாவுகளைக் கண்ட ஒருவர், உடம்பை ஒறுக்கும் நெறியை நாடியதில் வியப்பு யாது?

அங்கே அவரைச் சூலைநோய் பற்றியது. குடரை முறுக்கும் அந்நோய்க்குச் சமணர் மந்திரம் ஓதினர். மயிற்பீலி கொண்டு தடவினர். நோய் ஏறியதேயன்றி இறங்கவில்லை. முடிவில் அவர்கள் கைவிட்டனர். அப்பொழுதே அவருக்குத் தமக்கையார் நினைவு வந்தது. சமையல் செய்பவனைத் திருவதிகைக்கு அனுப்பினார். தாம் அவ்விடத்துக்கு வருவதில்லை என்று அம்மையார் மறுத்துவிட்டார். இதனைக் கன்னெஞ்சம் என்று கொள்ளலாகாது. தம்பியை மீட்டருளும்படி திருவீரட்டானத்து இறைவனிடம் பலகால் வேண்டிநின்றவர் அவரே. விடை கேட்ட மருணீக்கியார் பாயுடையும் பீலியும் குண்டிகையும் ஒழித்து, வெள்ளுடை உடுத்து, ஒருவரும் அறியாமல் இரவோடிரவாகத் தமக்கையார் இருந்த திருமடத்தை அடைந்தார்.

அம்மையார் செய்தது ஈண்டு நோக்கத்தக்கது. பிரிந்து சென்றதற்குக் கணக்குக் கேட்டாரில்லை. செய்த வினையை எடுத்துக்காட்டி உபதேசித்தாரில்லை. அடியில் வீழ்ந்த தம்பியை எழுப்பி, திருவைந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் அலகும் மெழுகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, அவரையும் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாடிய பதிகமே நாலாந் திருமுறையின் முதற் பதிகம். சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் நாமமும் கிடைத்தது.

இந்நோய் தண்டனையா? சேக்கிழார் கூறுவது வேறு. மருணீக்கியார் முற்பிறப்பிலே முனிவராய் இருந்து தவம் முயன்றவர் எனவும், சூலை கொடுத்து அவரை ஆட்கொள்வதாகவும் இறைவனே திலகவதியாருக்குக் கனவில் உணர்த்தினான் என்பர். தவத்தில் நேர்ந்த சிறு வழுவும் சொல்லப்படுகின்றது. ஆனால் நோயின் நோக்கம் ஆட்கொள்ளுதலே. சித்தாந்த நூல்களும் இதற்கு இயைந்தே நிற்கின்றன. தொகுத்து வைத்த வினை சஞ்சிதம். அதில் இப்பிறவிக்கென வந்து உடம்பால் நுகரப்படுவது பிராரத்தம். நுகரும்போது புதிதாய் ஏறுவது ஆகாமியம். உடம்பு, ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு இறைவன் மாயையினின்று தந்த விளக்கு. ஆகவே அது இகழ்ந்து எறியத்தக்கதன்று. அயலான் நோயைக் கண்டு பாராதிருப்பவன் தனக்குப் புதிய ஆகாமியத்தை ஈட்டுகின்றான் என்பதும் இக்கணக்கிலேயே அடங்கும். பாதியைக் கற்றவர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பின்னர்ப் பல்லவ மன்னன் நீற்றறையில் ஏழுநாள் அடைத்தான்; நஞ்சூட்டினான்; யானையை ஏவினான்; கல்லோடு பிணித்துக் கடலில் இட்டான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. அவனும் முடிவில் சைவனானான். இவை யாவரும் அறிந்தன.

பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்திலே, சமண் சார்ந்திருந்த உடம்போடு வாழத் தரியாதவராய், சூலமும் இடபமும் பொறிக்குமாறு நாயனார் வேண்டிக்கொண்டார். அவ்வாறே அவர் தோளிற் பொறிக்கப்பட்டன. சூலையால் வருந்திய உடம்பு சூலக்குறி தாங்கும் உடம்பாயிற்று. அதன்பின் அவ்வுடம்பு ஓய்ந்திருக்கவில்லை. கையில் உழவாரம் ஏந்தி, தலந்தோறும் கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, சம்பந்தப் பிள்ளையாரும் தாமும் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். முதிர்ந்த வயதிலே திருப்பூந்துருத்தியில் பிள்ளையார் எழுந்தருளியபோது, கூட்டத்திற் புகுந்து சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். அப்பர் எங்குள்ளார் என்று பிள்ளையார் வினவிய பின்னரே அது வெளிப்பட்டது.

திருக்கயிலைக்குச் சென்ற வழியில் பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவினார், கைகளும் தேய, மார்பினால் உந்தினார், அதுவும் இயலாதபோது புரண்டார். மீளுமாறு முனிவராய் வந்த இறைவன் சொல்லியும் மீண்டாரில்லர். பின்பு உறுப்புக்கள் ஒளியோடு நிரம்பப்பெற்று, அங்குள்ள வாவியில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார்.

இறுதிக்காலத்தில் திருப்புகலூரில் உழவாரத் தொண்டு செய்துகொண்டிருந்தார். மண்ணிடையே பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்துவிட்டு, வீதியைத் தொடர்ந்து செதுக்கலானார். அத்தலத்திலேயே, சித்திரைச் சதயத்தில், 81ஆம் வயதில் சிவபெருமான் திருவடி சேர்ந்தார் என்பர்.