ஸ்னூக்கரில் ஃபவுல்னா என்ன? ஊட்டியில் விதி எழுதிய ராணுவ அதிகாரியின் கதை

டெல்லியில் ஆபீஸ் முடிந்து ஸ்னூக்கர் பார்லருக்குப் போகிறீர்கள். நீங்கள் அடித்த வெள்ளைப் பந்து எதையும் தொடாமல் நிற்கிறது. உடனே எதிராளிக்கு 4 பாயிண்ட்! அவர் ஒண்ணுமே பண்ணலையே, அப்புறம் எதுக்கு பாயிண்ட்? இதைப் புரிந்துகொள்ள, இந்த ஆட்டத்தை உருவாக்கியவராகக் கருதப்படும் சர் நெவில் பிரான்சிஸ் சேம்பர்லினைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இவர்?

1856-ல் பிறந்தவர். பிரிட்டன் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லின் வேறு, இவர் வேறு. டெவன்ஷயர் படைப்பிரிவின் இளம் அதிகாரியாக இந்தியா வந்தார். 1875-ல் ஜபல்பூர் மெஸ்ஸில், காசு வைத்து ஆடும் 'பிளாக் பூல்' ஆட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். அப்போது வூல்விச் ராணுவ அகாடமியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கிண்டல் பெயர் 'ஸ்னூக்கர்'. எளிதான பந்தைத் தவறவிட்ட ஒருவரை சேம்பர்லின் அப்படி அழைத்தார். அவர் மனம் நோகக்கூடாதே என்று, இந்த ஆட்டத்தில் நாம எல்லாருமே ஸ்னூக்கர்தான் எனச் சமாளித்தார். ஆட்டத்துக்கு அதுவே பெயரானது.

ஊட்டிக்கு எப்படி வந்தது?

ஆப்கன் போரில் காயமடைந்த சேம்பர்லின், பிறகு மெட்ராஸ் ராணுவத் தளபதி ஃபிரடெரிக் ராபர்ட்ஸின் அலுவலராக இருந்தார். கோடையில் ஊட்டி வாசம். 1880-களின் தொடக்கத்தில் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுத்தில் வந்தன. 1885-ல் கல்கத்தாவில் இவரைச் சந்தித்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் ஜூனியர், ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

சரி, எதெல்லாம் ஃபவுல்?

இன்றைய விதிகள் பின்னாளில் செதுக்கப்பட்டவை. அவற்றின்படி:

• வெள்ளைப் பந்து குழியில் விழுவது
• எந்தப் பந்தையும் தொடாமல் போவது
• அடிக்க வேண்டிய பந்தை விட்டு வேறு பந்தை முதலில் தொடுவது, அல்லது குழியில் தள்ளுவது
• பந்து மேசையை விட்டு வெளியே விழுவது
• சட்டைக் கை பந்தில் படுவது
• இரு கால்களும் தரையில் இல்லாமல் அடிப்பது

தண்டனை குறைந்தது 4. நீலம் சம்பந்தப்பட்டால் 5, பிங்க் என்றால் 6, கறுப்பு என்றால் 7. உங்கள் ஸ்கோரில் கழிக்க மாட்டார்கள், எதிராளிக்குச் சேர்ப்பார்கள். ஃபவுலுக்குப் பிறகு அவருக்கு வழி மறைந்திருந்தால், 'ஃப்ரீ பால்' சலுகையும் உண்டு.

ஆட்டத்தின் சூட்சுமமே இதுதான். கடைசி ஆறு வண்ணப் பந்துகளின் மொத்த மதிப்பு 27. நீங்கள் 30 பாயிண்ட் பின்தங்கியிருந்தால், எல்லாவற்றையும் போட்டாலும் ஜெயிக்க முடியாது. பந்தை மறைத்து வைத்து எதிராளியை ஃபவுல் செய்ய வைப்பதுதான் ஒரே வழி.

பெயர் எப்படி நிலைத்தது?

சேம்பர்லின் 1900 முதல் 1916 வரை அயர்லாந்து காவல்துறையின் தலைவராக இருந்தார். ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு பதவி விலகினார். இதற்கிடையே, ஸ்னூக்கரைக் கண்டுபிடித்தவர் யார் என்பதே குழப்பமாகிவிட்டது. 1938-ல், 82 வயதில், 'தி ஃபீல்டு' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உரிமை கோரினார். மறுஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி அதை ஆதரித்து எழுதினார். 1944-ல் சேம்பர்லின் இறந்தார். அந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டிருந்தால், ஜபல்பூரும் ஊட்டியும் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் இடம்பெறாமலே போயிருக்கலாம்.